பாறைத்திட்டுக்குப் போகும் அம்மாவுக்கு அனுமதிக் கடிதம்

மகளே, சிரிக்காதே. உன்னைத்தான் சொல்கிறேன். என்னைப் பெற்று, பதினேழு வருடமாக என் காதைத் திருகி வளர்த்த நீதான் இன்று காலையிலிருந்து என் மகள். நான் உன் பெற்றோர். அம்மா, அப்பா இரண்டு பதவியும் என்னிடம்தான் இருக்கின்றன. இந்த வேலைக்கு நானாக ஆசைப்பட்டு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன், அதாவது என் மாமா, நம் ரவாங் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாரே: "அப்பா அம்மா உசுரோட இருந்திருந்தா இவள இப்படி கடல்ல அலைய விட்டிருப்பாங்களா? கேக்க ஆள் இல்லாம போச்சு. பெத்தவங்க இல்லாத பொண்ணு, அதான் லா." நாற்பத்தாறு வயதில், சொந்தச் சம்பளத்தில், சொந்தக் காடியைத் தானே ஓட்டும் உனக்கு அனுமதி கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பதவி காலியாக இருக்கிறது என்று இவ்வளவு சத்தமாக அறிவித்தால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்? நான் உட்கார்ந்துவிட்டேன்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. எழுதி முடித்ததும் நம் குடும்ப வாட்சாப் குழுவில் போடப் போகிறேன். இரண்டு வாரமாக அந்தக் குழுவில் காலை வணக்க ரோஜாப் பூக்களுக்கு நடுவில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பவள், இந்தோனேசியாவில் லொம்போக் தீவுக்குத் தனியாகப் போய் அலையில் பலகை மேல் ஏறி நிற்கப் போகிறாளாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நீ ஒருவருக்கும் பதில் போடவில்லை. நீலக் குறி மட்டும் விழுந்தது. எனவே உன் சார்பில் பெற்றோர் பதில் சொல்கிறார். பெரியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளட்டும், கடிதம் கொஞ்சம் நீளம்.

பிள்ளையின் கதையைப் பிள்ளைக்கே திரும்பத் திரும்பச் சொல்வது பெற்றோரின் உரிமை. நீ என்னிடம் நிறையத் தடவை அந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறாய். நான் மூன்று வயதில் கோயில் உண்டியலுக்குள் பிஸ்கட் போட்ட கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! இப்போது என் முறை. நீ வளர்ந்தது ஜெராம் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். வீட்டுக்குப் பின்னால் செம்பனை, செம்பனைக்குப் பின்னால் மண்கரை, அதற்கும் பின்னால் கண்டல் காடு, அதைத் தாண்டினால் சேறு. அந்தக் கோலசிலாங்கூர்க் கடலுக்கு அலை என்று ஒன்று கிடையாது. தண்ணீர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. போன பிறகு பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுத்த சேறு பளபளக்கும். அந்தச் சேற்றில்தான் கெராங் சிப்பி இருந்தது. இறங்கி நடந்தால் இடுப்பு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நீளப் பலகை வேண்டும். இடது முழங்காலைப் பலகை மேல் மடக்கி வைத்து, வலது காலைச் சேற்றில் ஊன்றித் தள்ளினால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்க்காரர்களிடம் மாமா அதைக் கற்றுக்கொண்டார். மாமாவிடமிருந்து நீ கற்றுக்கொண்டாய். அதற்கு ஒரே சட்டம்தான்: பலகை வேகம் குறைந்தால் வலது காலை ஊன்று, தள்ளு. நின்றால் மாட்டிக்கொள்வாய்.

என் அப்பா இறந்த பிறகு உன் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிச் செராத்திங் கூட்டிக்கொண்டு போனார்களே, அங்கேதான் நீ முதல் முதலாக நிஜ அலையைப் பார்த்தாய். கிழக்குக் கரை, மழைக்காலம், கடல் சாம்பல் நிறம். மற்ற ஆண்ட்டிகள் எல்லாம் கெரோப்போக் வறுவல் தின்றுகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் முழங்கால் வரை தண்ணீரில் நின்று, பலகையில் போகும் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போது பசி. உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பவில்லை. நேராகப் பலகை வாடகைக்கு விடும் கடைக்குப் போனாய். அந்தக் கடைக்கார அபாங் உன்னை மேலும் கீழும் பார்த்து, முழங்கால் தண்ணீருக்குள் பலகையைப் பிடித்துக்கொண்டு, படுக்கச் சொன்னார். நீ படுத்தாய். ஆடவில்லை, சரியவில்லை, நம் வீட்டுச் சோபாவில் படுக்கிற மாதிரி படுத்தாய். அவர் மலாயில் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா பொய் சொல்றீங்க, இது முதல் தடவை இல்ல." நீ சொன்னாய்: "ஆமா, ரெண்டாவது தடவ. முதல் தடவ சேத்துல."

அதற்குப் பிறகு நம் வாழ்க்கையில் மழைக்காலம் என்றாலே செராத்திங்தான். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்து வந்து, ஏழடிப் பலகையைக் காடியின் கூரையில் கட்டி, மலை ஏறி இறங்கிப் போய்ச் சேருவோம். நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவேன். குப்புறப் படுத்து வெறும் நுரையில் வழுக்கியவள், எழுந்து நின்றாய். நேராகக் கரையை நோக்கி வந்தவள், அலையின் முதுகோடு பக்கவாட்டில் போகக் கற்றுக்கொண்டாய். ஒரு நாள் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் என்னிடம் கேட்டாய்: "லொம்போக்ல ஒரு பாறைத்திட்டு இருக்காம்டி. நடு மட்டத்துல இருக்குறவங்களுக்கு ஏத்த அலையாம். நான் எந்த மட்டம்?" நான் சொன்னேன்: "வேலைக்கு மட்டம் போடுற அளவுக்கு வந்துட்டே. போலாம்." நீ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாய். ஆனால் டிக்கெட்டும் எடுத்தாய்.

போன வருடம் அங்கே நடந்தது தங்களுக்குத் தெரியும் என்று குழுவில் உள்ள எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உன் பாதத்தில் போட்ட தையல்தான். படகில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தவள் நான் ஒருத்திதான், அதனால் நானே சொல்கிறேன். திட்டு என்பது கடலுக்கு அடியில் கிடக்கும் பவளப்பாறை. வெளிக் கடலில் சும்மா வீங்கி வரும் தண்ணீர் அந்தப் பாறை மேல் ஏறும்போது தடுக்கி, நிமிர்ந்து, ஒரு பக்கமாக உடைந்துகொண்டே போகிறது. பக்கத்திலேயே ஆழமான வாய்க்கால். படகு அங்கேதான் நிற்கும். நீ முதல் ஒரு மணி நேரம் ஓர் அலையும் எடுக்கவில்லை. எந்த அலை வந்தாலும் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து, "நீங்க போங்க தம்பி" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாய், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவள் மாதிரி. படகோட்டியே பொறுக்க முடியாமல் கத்தினார். பிறகு ஒன்று வந்தது. உன் நெஞ்சு உயரம் இருக்கும். நீ திரும்பினாய், கைகளால் துழாவினாய், எழுந்தாய். மகளே, நான் சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை அவ்வளவு நீளமாக நான் பார்த்ததே இல்லை. வீட்டில் நீ எப்போதும் குனிந்தேதான் இருப்பாய், அடுப்பிடம், துணி மிஷினிடம், மாமாவிடம். அந்த அலையில் நீ என்னைத் தாண்டி, படகைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாய். வாயைத் திறந்து சிரித்தாய். பல் எல்லாம் தெரிந்தது.

அலை தன் வேலையை முடித்துக்கொண்டு மெலிந்தது. பலகை வேகம் குறைந்தது. அந்த இடத்தில் படுத்துக்கொண்டு கையால் துழாவி வாய்க்காலுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். உனக்கும் தெரியும். ஆனால் உன் வலது காலுக்குத் தெரியவில்லை. முழங்கால் தானாக மடங்கியது, வலது கால் பலகையை விட்டு இறங்கியது, ஊன்றித் தள்ளியது. சேறாக இருந்தால் தள்ளியிருக்கும். அது பவளம். படகில் ஏறி உட்கார்ந்து, என் துண்டால் காலைச் சுற்றிக்கொண்டு, "பாத்தியா நீ, அந்த அலைய?" என்றுதான் கேட்டாய். துண்டு சிவந்துகொண்டிருந்தது. படகோட்டி உன் காலைப் பார்த்துவிட்டு, ரொம்ப வருடமாக ஆட்களைக் கூட்டி வருகிறேன், பாறை மேல் கால் வைத்து நடக்கப் பார்த்தவர் நீங்கள்தான் என்றார். அவருக்கு எப்படித் தெரியும், இந்த உலகத்தில் ஜெராம் சேற்றில் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது என்று?

ஊருக்குத் திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு திட்டு. ஒரே பாறைத்திட்டுக்கு இத்தனை திட்டா என்று நானே எண்ணுவதை விட்டுவிட்டேன். மாமா சொன்னார், கடலே உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று. கடல் அப்படிச் சொல்லவில்லை மாமா. நான் அங்கே இருந்தேன். கடல் கால் ஊன்றாதே என்றுதான் சொன்னது. அது புத்திமதி, வெளியே போ என்பது இல்லை.

அதனால்தான் நான் முள் முள்ளான டுரியான் பழத் தோலை அள்ளிக்கொண்டு வந்தேன். தையல் பிரித்து, நீ நொண்டாமல் நடக்க ஆரம்பித்து, அப்புறம் வந்த டுரியான் காலம் அது. பலகையின் அடியில் இருக்கும் துடுப்பைக் கழற்றி, லோரி டயர் டியூப் ஒன்றில் காற்றடித்து, அதன் மேல் பலகையை வைத்துப் போர்ச்சில் பழகிக்கொண்டிருந்தாய். படுப்பாய், எழுவாய், ஆடுவாய். ஆட்டம் அடங்கியதும் வலது கால் கீழே இறங்கிச் சிமெண்டைத் தள்ளும். ஒவ்வொரு தடவையும். நீ உன் காலையே திட்டினாய். அறைந்தாய்கூட. நான் பசார் பக்கத்து டுரியான் கடையில் இரண்டு கோணி தோலை இனாமாக வாங்கி வந்து, பலகையைச் சுற்றி முள் மேலே பார்க்கும்படி பரப்பி வைத்தேன்.

"என்னாடி இது?"

"பவளப்பாறை. லொம்போக் பிராஞ்சு."

"காலு போயிரும்டி!"

"இறக்கினாத்தானே போகும்?"

முதல் நாள் நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். முள்ளுக்கு நடுவில் ஒரு பலகை, பலகை மேல் நீ, கையை விரித்துக்கொண்டு. "உங்க சாமிக்கா?" என்று பயபக்தியோடு கேட்டாள். "ஆமா ஆண்ட்டி, வேண்டுதல்" என்றேன். அவள் மறுநாள் ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து கொடுத்தாள். நாமும் தின்றோம். இரண்டாவது வாரம் உன் கால் பாதி வழியில் நின்றது. அப்புறம் பலகையை விட்டே இறங்கவில்லை. ஆட்டம் அடங்கும், நீ படுப்பாய், கைகளால் காற்றைத் துழாவுவாய். தோல் அழுகி, ஈ மொய்த்து, தெரு முழுக்க நாறியது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகச் சேற்றின் பேச்சைக் கேட்ட கால், உன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. இதை யாரும் குழுவில் போடவில்லை. இப்போது நான் போடுகிறேன்.

அவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்தாய்? மாமா டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போர்ச்சுக்குப் போனார். "பத்திரமா என் வீட்ல இருக்கட்டும்" என்று பலகையைத் தூக்கித் தன் லோரியில் ஏற்றினார், வகுப்பில் பையனிடமிருந்து பந்தைப் பிடுங்குகிற வாத்தியார் மாதிரி. நீ தடுக்கவில்லை. சரி, அண்ணன், மரியாதை. ஆனால் நீ போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். பலகை எங்கேயும் இடித்துவிடக் கூடாது என்று! எனக்கு மாமா மேல் வந்ததைவிட உன் மேல்தான் கோபம் வந்தது. "நீங்க போங்க தம்பி" என்று அலையில் கையைக் காட்டினாயே, அதே கைதான் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். இன்று ராத்திரி விமானம். நீ காலையில் எதுவும் நடக்காத மாதிரி நீல யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். டிக்கெட்டை ரத்து செய்தாயா என்று பார்த்தேன். செய்யவில்லை. அப்போதுதான் நான் வேலையில் சேர்ந்தேன்.

காடிச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. லைசென்ஸ் எடுத்து முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை, உண்மைதான். கண்ணாடியில் ஒட்டிய அந்த 'P' ஸ்டிக்கருக்குப் புதிய ஓட்டுநர் என்று அர்த்தம் என்கிறார்கள். இன்றைக்குப் பெற்றோர் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஆமை மாதிரி ஓட்டிக்கொண்டு போய், மாமா வீட்டு வாசலில் நிறுத்தினேன். மாமா வெளியே வந்தார்.

"யாரு காடிய ஓட்டிட்டு வந்தது? நீயா? அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. பெத்தவங்க எல்லாத்தையும் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டா செய்வாங்க?"

"என்னா ஒளர்றே?"

"கேக்க ஆள் இல்லன்னு சொன்னீங்கள்ல? ஆள் வந்தாச்சு. அம்மாவுக்கு இனிமே பெத்தவ நான்தான். கேளுங்க."

அத்தை உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். மாமாவுக்கு அதுதான் எரிச்சல். "வாய் மட்டும் காஜாங் வரைக்கும் நீளுது. ஒண்ணு வச்சேன்னா தெரியும்."

"தங்கச்சிக்கு பெத்தவன்னா உங்களுக்கும் பெத்தவதானே மாமா? பெத்தவங்கள அடிக்கக் கூடாது."

"ஏய் வாலு, உள்ள வா, வெயில்ல நிக்காத" என்று அத்தை என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாமா விடவில்லை. பின்னாலேயே வந்தார். "இன்னும் கொஞ்ச வருஷத்துல உன்ன பொண்ணு பாக்க வருவாங்க. அம்மா எங்கன்னு கேப்பாங்க. அலையில நிக்கிறாங்கன்னு நான் சொல்றதா?"

"சொல்லுங்க. நேரா நிக்கிறாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. அதுக்கு மூஞ்சத் திருப்புற மாப்பிள்ள எனக்கு வேணாம்."

மகளே, இதை நான் சும்மா வாய்க்கு வந்ததாகச் சொல்லவில்லை. குழுவில் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். என் கல்யாணத்தைக் காட்டி உன்னைக் கட்டிப்போட வேண்டாம். என்னைச் சங்கிலியாக்கி உன் காலில் மாட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்கு அப்புறம்தான் மாமா உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த கால், அது நான் பழக்கினது. பலகை நின்னா ஊணு, தள்ளுன்னு. சின்னப் புள்ள, பயந்துக்கிட்டு ஊண மாட்டா. முதுகுல ரெண்டு வச்சிருக்கேன். இத்தன வருஷம் கழிச்சு அந்த கால் என் பேச்சக் கேட்டுச்சு, கிழிஞ்சிருச்சு. மறுபடியும் போனா மறுபடியும் ஊணுவா. எனக்குத் தெரியும் லா. அவள விட அந்த கால எனக்குத் தெரியும்."

இதை அவர் உன்னிடம் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டார். அதற்குப் பதிலாகக் குடும்ப மானம், மாப்பிள்ளை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் போனை எடுத்து, போர்ச்சில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். டுரியான் தோல், டியூப், பலகை, நீ. மாமா போனைக் கையில் வாங்கினார். நீ எழுந்து நின்றாய், ஆடினாய், ஆட்டம் அடங்கியது. நாற்காலிக்குக் கீழே மாமாவின் வலது கால் தரையைத் தள்ளியது. நான் பார்த்தேன். போனில் உன் கால் அசையவில்லை.

"ஊணல," என்றார்.

"ஊணல மாமா."

"திரும்பப் போடு."

நாலைந்து தடவை போட்டேன். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நான் சம்மதிக்கல. அத நல்லா ஞாபகம் வச்சுக்க. நான் கடைக்கு டீ குடிக்கப் போறேன். பின்னாடி ஷெட்டுக்குப் பூட்டு இல்ல. அது எனக்குத் தெரியாது." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்களை மாட்டிவிட்டதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. நீங்கள் சம்மதித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் பலகையை எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன். ஆனால் நீங்கள் டீ குடிக்கப் போனது எனக்குப் பிடித்திருந்தது.

பலகை ஷெட்டில் இல்லை. பின்கட்டில் வெயிலில், இரண்டு வாளிகள் மேல் கிடந்தது. அதன் மேல் வரிசையாக மீன் காய்ந்துகொண்டிருந்தது. "நல்லா வழவழன்னு இருந்துச்சுடி, அதான்" என்றாள் அத்தை, கொஞ்சமும் வெட்கப்படாமல். காலடி வழுக்காமல் இருக்க நீ தேய்த்து வைத்த மெழுகில் மீன் செதில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கத்தியால் சுரண்டினோம். முழுசாகப் போகவில்லை. அந்தத் திட்டில் உன் பக்கத்தில் யாரும் வந்து நெருக்க மாட்டார்கள், கவலைப்படாதே. நீ வரும் வரை அத்தை நம் வீட்டில் வந்து என்னோடு படுத்துக்கொள்வாள். வயசுப் பெண் தனியாக இருக்கிறாள் என்று எழுதியவர்கள் அந்த வரியை அழித்துவிடலாம்.

இப்போது பெற்றோர் என்ற முறையில் கொஞ்சம் புத்தி சொல்கிறேன். கேட்டுத்தான் ஆக வேண்டும். போய் இறங்கியதும் தண்ணீரில் குதிக்காதே. படகிலேயே உட்கார்ந்து, பெரிய அலைகள் வரிசையாக வந்து போவதை ஒரு முறையாவது முழுசாகப் பார். தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதே. பாதி ஏற்றத்துக்கு மேல் வந்த பிறகு போ, பாறைக்கும் உனக்கும் நடுவில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். அலை உடையும் இடத்தை நெஞ்சால் முட்டிக்கொண்டு போகாதே, ஆழ வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு போ. விழுந்தால் பாய் விரித்த மாதிரி தட்டையாக விழு. தலையை முதலில் விடாதே, காலால் தரையைத் தேடாதே, மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள். பலகை வேகம் குறைந்தால் குறையட்டும். எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் நீயே தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் இந்தக் குடும்பத்தைத் தள்ளியது போதும். படுத்துக்கொள், மூச்சு வாங்கு, கையால் துழாவித் திரும்பி வா.

இன்னொன்று. செராத்திங் மணல் ஒவ்வொரு மழைக்காலமும் இடம் மாறும், போன வருடம் அலை உடைந்த இடத்தில் இந்த வருடம் உடையாது. பாறை அப்படி இல்லை. போன வருடம் உனக்கு அந்த அலை எங்கே நிமிர்ந்ததோ அங்கேயேதான் இந்த வருடமும் நிமிரும். கரையில் ஒரு மரத்தையும் ஒரு கூரையையும் அடையாளம் வைத்துக்கொள். சொன்ன பேச்சை மாற்றாததால் பாறை நம் சொந்தக்காரர்களை விட நாணயமானது. அந்த ஊர்க்காரர்களுக்கு முதல் மரியாதை கொடு, வரிசையில் காத்திரு, அடுத்தவர் அலையில் குறுக்கே விழாதே. ஆனால் உன் முறை வந்தால் எடு. யாரையும் திரும்பிப் பார்க்காதே, யாருக்கும் கையைக் காட்டாதே, தம்பி, அண்ணன், மகள் யாருக்கும். உன் முறை என்றால் அது உன்னுடையது. எனக்குக் கொடுத்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளாதே, எனக்கு வேண்டுமானால் நானே நீந்தி வந்து எடுத்துக்கொள்வேன்.

உன் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, மரநிழலில், காடியில் உட்கார்ந்துதான் இவ்வளவையும் எழுதினேன். பலகை கூரையில் இருக்கிறது. உன் பை பின்சீட்டில் இருக்கிறது, பாஸ்போர்ட்டை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கயிறு கட்டத்தான் எனக்குச் சரியாக வரவில்லை. பள்ளிச் சப்பாத்து நாடாவுக்குப் போடும் முடிச்சைத் தவிர வேறு முடிச்சு எனக்குத் தெரியாது, அதையே நிறையப் போட்டிருக்கிறேன். மாமா வீட்டிலிருந்து வரும்போது ஜன்னல் வழியாக ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். நான் இறங்கி வந்து உன்னைக் கெஞ்சப் போவதில்லை. நீ வேண்டாம் என்றால் அது உன் பேச்சு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உனக்கு வேண்டும் என்று இருந்தால், அனுமதி இல்லை, ஆள் இல்லை, பலகை இல்லை என்று இனிமேல் ஒருவரும் சொல்ல முடியாது. உன்னைத் தவிர வேறு யாரும் குறுக்கே இல்லை.

சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் வெளியே வருகிறார்கள். நீ கடைசியாக வருகிறாய், வழக்கம் போல. காடியைப் பார்த்துவிட்டாய். நின்றுவிட்டாய். கூட வந்தவர் ஏதோ கேட்கிறார். சாலையைத் தாண்டி வருகிறாய். என் பக்கம் வரவில்லை. நேராகப் பலகையிடம் போகிறாய். கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாய். அவிழ்க்கிறாய். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, எல்லாவற்றையும் அவிழ்க்கிறாய். இவ்வளவு எழுதியவளுக்குக் கண்ணாடியை இறக்கி "அம்மா" என்று கூப்பிடக்கூட வரவில்லை.

பலகையைத் திருப்புகிறாய். கால் வைக்கும் பக்கம் கீழே வரும்படி வைக்கிறாய். கயிற்றைக் கூரைக் கம்பிக்கு அடியில் விட்டு இழுக்கிறாய், காடியே ஒரு பக்கம் சாய்கிறது. ஜன்னலைத் தட்டுகிறாய்.

"இப்படிக் கட்டுனா ஹைவேல பறந்துரும்டி, மடச்சி. இறங்கி அந்தப் பக்கம் போய்க் கயித்தப் புடி. நேரமாச்சு."

இறங்குகிறேன். அதற்கு முன்னால் இதைக் குழுவில் போட்டுவிடுகிறேன்.